பெங்களூரில் கிராஃப்ட் பீர் குடித்தவர் நெல்லைச் சீமையில் எதைத் தேடலாம்?

கேள்வி இதுதான்: வேலை பெங்களூரில், சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். மைக்ரோப்ரூவரிகளில் கோதுமை பீர், ஸ்டவுட், ஐபிஏ எல்லாம் பார்த்தாயிற்று. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வட்டாரத்துக்கு ஒரு ஏல் (மிதமான சூட்டில் புளிக்கும் பீர் வகை) இருப்பதுபோல நம்ம பக்கம் ஏதாவது உண்டா? மே மாத லீவில் வந்தால் எங்கே, எதைக் குடித்துப் பார்க்கலாம்? வீட்டில் செய்ய முடியுமா?

பீர் என்று கேட்டால், இல்லை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் தேடிப் போய்ப் பார்க்கும்படியான சின்ன ப்ரூவரி கிடையாது. டாஸ்மாக்கில் கிடைப்பது பெரும்பாலும் பெரிய ஆலைகளின் லாகர், அதாவது குளிரில் புளிக்கவைத்த பீர். அதற்காக லீவு போட்டு வர வேண்டாம். ஆனால் ஒரு மண்ணில் ஊறும் சர்க்கரையை அந்த மண்ணிலேயே கிடக்கும் ஈஸ்ட் புளிக்கவைக்கும் பானம் உண்டா என்று கேட்டால், உண்டு. பனை. அதன் ஒரு முனை பதனி, மறு முனை கள். கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆகவே ஊரில் சட்டப்படி உங்கள் கைக்கு வருவது பதனி. பலரும் அதை வெயிலுக்குக் குடிக்கும் இனிப்புத் தண்ணீராக மட்டும் நினைக்கிறார்கள். பீர் தெரிந்தவர் அப்படி நினைக்கத் தேவையில்லை.

5 சதவீத சாராயமுள்ள ஏல் காய்ச்ச வேண்டுமென்றால் ப்ரூவர் (பீர் காய்ச்சுபவர்) வோர்ட்டை, அதாவது புளிப்பதற்கு முந்தைய இனிப்புச் சாற்றை, ஏறக்குறைய 12 டிகிரி பிளேட்டோவுக்கு (சுமார் 12 சதவீத சர்க்கரை) கொண்டுவருவார்; அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.048. அதற்காக பார்லியை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டும். நல்ல பதனியில் சர்க்கரை 10 முதல் 14 சதவீதம். அதாவது பனை மரம் வோர்ட்டை ஆயத்தமாகவே, முளைகட்டாமல், அடுப்பில்லாமல், 50 அடி உயரத்தில் வைத்துத் தருகிறது. பார்லியும், பீருக்குக் கசப்பும் காவலும் தரும் ஹாப்ஸ் பூவும் விளையாத, மே மாதத்தில் பகல் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் இந்தச் சீமையில் தானிய பீர் வேர்விடாததற்கு இதுவே போதுமான காரணம். சர்க்கரை தானே வடியும்போது மாவை யார் காய்ச்சுவார்கள்?

தமிழனுக்குத் தானிய பீரே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, புற்றின் உள்ளே இருக்கும் குரும்பிபோலப் பொரிந்த அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. அடை என்பது நொதி சேர்ந்த பொருள். ஆற்றியபின் கலப்பதும், இரண்டு நாள் கணக்கும் இன்றைக்கும் சரியான ப்ரூயிங் ஒழுங்குதான். ஆனால் அந்தப் பாட்டின் நிலம் காஞ்சிப் பக்கம்; நம்ம பக்கத்துக்குப் பனைதான் பேச்சு.

ப்ரூவரியில் திறமை எல்லாம் புளிப்பைத் தொடங்கி நடத்துவதில். பதனியில் திறமை எல்லாம் அதை நிறுத்தி வைப்பதில். பாளையைச் சீவிய நொடியிலேயே ஈஸ்டும் பாக்டீரியாவும் சாற்றில் இறங்கிவிடுகின்றன. அவற்றை இயற்கை ஈஸ்ட் என்று யாரும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. காற்றிலும் பூச்சியின் காலிலும் கலயத்தின் மண் துளையிலும் அவை இருக்கின்றன. தடுப்பது ஒன்றே ஒன்று, சுண்ணாம்பு. கலயத்தின் உள்சுவரில் நீர்த்த சுண்ணாம்பை மெல்லிசாகப் பூசிக் கட்டினால் சாறு காரத்தன்மைக்கு ஏறி நுண்ணுயிர் தூங்கிவிடும். சுண்ணாம்பு பூசாத கலயத்தில் விழும் அதே சாறு விடிவதற்குள் கள்ளாகத் தொடங்கியிருக்கும். சட்டத்துக்கும் சுவைக்கும் நடுவே நிற்கும் கோடு இந்த வெள்ளைப் பூச்சுதான்.

இதில் அளவு பிசகினால் இரண்டு பக்கமும் கெடும். கூடினால் சாறு மஞ்சளோடும், நாக்கில் அரிப்போடும், பின்வாயில் ஒரு சோப்பு வாடையோடும் இருக்கும்; காய்ச்சினால் கருப்பட்டி கறுத்துப்போகும். குறைந்தால் முதலில் லேசான புளிப்பு, பிறகு நுரை. குறைந்ததில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நட்டமும் உண்டு. சாறு புளிக்கத் தொடங்கினால் அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகும். குடிப்பவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் விடிலியில் (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) காய்ச்சும்போது அந்தப் பாகு சிரட்டையில் இறுகாது. கருப்பட்டி இளகி ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் கலயம் கழுவுவதற்கு இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு விடை இது.

மரத்தின் மேல் நடப்பதையும் ஒருமுறை கீழே நின்றாவது பாருங்கள். பூங்குலைக்கு ஆண் பனையில் அலகு என்று பெயர், பெண் பனையில் பாளை. மரம் பூக்கும்வரை எது ஆண் எது பெண் என்று வெளியே தெரியாது. பூக்கப் பதினைந்து வருடத்துக்கும் மேலாகும். பனையேறியின் இடுப்பில் அருவா வைக்கும் அருவாப்பெட்டி, காலில் ஏறுவதற்கான தளைநார். பாளையைக் கடிப்பு எனும் மர இடுக்கியால் சில நாள் தொடர்ந்து நசுக்கிப் பதப்படுத்துவார். நசுக்குவது என்றால் நொறுக்குவது அல்ல. உள்ளே திசு நெகிழ்ந்து சாறு நுனிக்கு வரும் அளவு மட்டும். இளம் பாளையில் அழுத்தம் கூடினால் அழுகிவிடும். பிறகு நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். அதன்பின் காலையும் மாலையும் ஏறி ஒரு மெல்லிய வில்லை சீவ வேண்டும். அந்த வில்லை நகத்தின் கனத்துக்கு மேல் போகக்கூடாது. தடிப்பாகச் சீவினால் இரண்டு மாதம் ஓடவேண்டிய பாளை மூன்றே வாரத்தில் அடிவரை தீர்ந்துவிடும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்து ஊற்று நின்றுபோகும். பாளை அருவா முகச்சவரக் கத்தி மாதிரி இருப்பதும், அதைத் தீட்டுவதற்கென்றே தனியாக ஒரு கட்டையும் வெள்ளைக்கல் பொடியும் வைத்திருப்பதும் இதற்காகத்தான். மொட்டைக் கத்தி சாற்றுக் குழாயை நசுக்கி மூடிவிடும்.

ஒரு மரம் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தந்தால் சுமார். நல்ல மரம் அதற்கு மேலும் தரும். சாறெடுக்கும் பெண் பனையில் நுங்கு கிடைக்காது. ஒரே மரத்தில் இரண்டும் கேட்கிறவர் பனையேறியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

சரி, சாறு கள்ளாகும் கதை. இதைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் செய்து பார்க்க அல்ல. சுண்ணாம்பில்லாத சாற்றில் மூன்று கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கிறது. முதலில் லாக்டிக் பாக்டீரியா புளிப்பேற்றும். அதில் லூக்கனாஸ்டாக் என்ற வகை கூடினால் சாறு வழவழத்து நூல் பிடிக்கும். பின்னாலேயே ஈஸ்ட் சாராயத்தை உண்டாக்கும். கூடவே சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்யும். கடைசியில் காற்றுப் பட்டதும் அசிட்டோபாக்டர் வந்து வினிகராக்கும். ஒரு நாளுக்குள் 4 முதல் 6 சதவீதம் வரை ஏறி, அதன்பின் புளிப்புதான் மிஞ்சும். சைமோமோனாஸ் பீரில் புகுந்தால் அந்தத் தொட்டியையே சாக்கடையில் கொட்டுவார்கள். கள்ளில் அது வீட்டு மனிதர்.

பெல்ஜியத்து லாம்பிக் என்ற புளிப்பு பீர் குடித்திருந்தால் இது உங்களுக்குப் புதிதல்ல. பிரஸ்ஸல்ஸ் பக்கம் சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொதித்த வோர்ட்டை அகலமான தட்டைத் தொட்டியில் ஓர் இரவு திறந்துவைத்து, காற்றிலுள்ள ஈஸ்டை இறங்கவிட்டு, மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம் கிடத்துகிறார்கள். இளசையும் முதிர்ந்ததையும் கலந்தால் கூஸ். அங்கே மூன்று வருடத்தில் நடக்கும் நுண்ணுயிர் வரிசை இங்கே வெயிலில் முப்பது மணி நேரத்தில் முடிந்துபோகிறது. இன்னும் நெருங்கிய உறவு நார்வேயின் பண்ணை ஏல். அந்த ஊர்க்காரர்கள் க்வைக் என்ற ஈஸ்டை மரவளையத்தில் காயவைத்துத் தலைமுறையாகக் கைமாற்றினார்கள். அது 30 முதல் 40 டிகிரிச் சூட்டில் சுத்தமாகப் புளிக்கும். கள் இறக்கும் ஊர்களில் கலயத்தை முழுக்கக் கழுவாமல் அடியில் கொஞ்சம் மண்டி விட்டுக் கட்டுவது அதே யோசனைதான். மண்கலயத்தின் துளைகளே ஈஸ்ட் வங்கி.

பீருக்கும் கள்ளுக்கும் மூன்று இடத்தில் கணக்கு வேறாகும், சுவையில் தெரிவது இவைதான். வோர்ட்டில் சுமார் கால் பங்கு சர்க்கரையை ஈஸ்ட் தின்னாது. அந்த மிச்சம்தான் பீருக்கு வாயில் நிற்கும் கனம். பனஞ்சாற்றில் இருப்பது சுக்ரோஸ், முழுவதும் தின்று தீர்த்துவிடும். அதனால் இளங்கள்ளில் மட்டும் உடம்பு இருக்கும், முதிர்ந்தது தண்ணீராக இறங்கும். இரண்டாவது, ஹாப்ஸ் இல்லை. காவலும் இல்லை, கசப்பும் இல்லை. இலங்கையில் ஹல் மரப்பட்டைத் துண்டு ஒன்றைக் கலயத்தில் போட்டுப் புளிப்பைத் தாமதப்படுத்துவார்கள். ஹாப்ஸின் வேலையை அந்தத் துவர்ப்பு பார்க்கிறது. மூன்றாவது, வோர்ட் கொதித்தது, சாறு கொதிக்காதது. ஆகவே கள்ளுக்கு ஆயுள் மணிக்கணக்கு.

இனி மே மாத வேலை. தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடிவரை பதனி ஓடும். பங்குனி, சித்திரைதான் உச்சம். மே மாதம் உங்களுக்கு நேரம் சரிதான். கோடைமழை அடித்த மறுநாள் வாங்காதீர்கள். கலயத்தில் மழைத்தண்ணீர் விழுந்து சாறும் நீர்த்திருக்கும், சுண்ணாம்பும் கரைந்திருக்கும். சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை சுற்றிய செம்மண் தேரி (சிவப்பு மணல்மேடு) ஒரு வட்டாரம். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் இன்னொன்று. ராதாபுரத்திலிருந்து குமரி எல்லை நோக்கிப் போனால் மூன்றாவது, அங்கே பதனி என்ற பெயரே மாறி அக்கானி ஆகிவிடும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் குடித்தால் வித்தியாசம் நாக்கில் தெரியும். என் வாக்கு தேரிக்கு. இனிப்பு கூர்மையாக வந்து சட்டென்று விலகும், சுண்டக் காய்ச்சிய பாலின் சாயலில் ஒரு மணம் பின்னால் நிற்கும். கரிசல்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரம் காலை 6 முதல் 8. இறக்கிய இடத்துக்கே போங்கள். ரோட்டோரம் 11 மணிக்குப் பிளாஸ்டிக் குடத்தில் இருப்பதைப் பற்றி நான் எந்த உத்தரவாதமும் தரமாட்டேன். "இது இன்று காலை இறக்கியதா, நேற்று மாலை இறக்கியதா" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கு ஊற்றும் கலயமே மாறும். பனையோலைப் பட்டையில் வாங்குங்கள். பச்சை ஓலையின் மணம் ஒரு பங்கு சேரும் என்பது மட்டுமல்ல, வாய் அகலமாக இருப்பதால் மூக்கு சாற்றுக்குள் போகிறது. ட்யூலிப் கிளாஸில் பெல்ஜியம் ஏல் ஊற்றுவது எதற்காகவோ அதற்காகத்தான்.

பார்க்க வேண்டியது: லேசான கலங்கல் இருக்கலாம், ஓரத்தில் நுரைமணி ஏறக்கூடாது. முகர்ந்தால் ஓலை, வேகவைத்த பனங்கிழங்கு, மிக லேசாகப் புகை. முட்டை வாடையோ காடி வாடையோ வந்தால் வேண்டாம். முதல் வாயை நாக்கின் நடுவில் இரண்டு நொடி வைத்திருங்கள். பதனியின் இனிப்பு விழுங்கியதும் போய்விடும். சாக்கரின் கலந்த போலி விழுங்கியபின்தான் கனக்கும், அடிநாக்கில் உலோகக் கசப்பாக ஒட்டும். சந்தேகமிருந்தால் ஒரு லிட்டரை வீட்டில் காய்ச்சுங்கள். நல்லதென்றால் பொங்கி, செம்மஞ்சளாகி, 100 முதல் 120 கிராம் பாகு மிஞ்சும். போலியில் கடைசியில் சட்டியில் சுண்ணாம்பு படிந்திருக்கும், வேறொன்றும் இருக்காது. எட்டு முதல் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி என்று விடிலியில் சொல்லும் கணக்கும் இதே விகிதம்தான்.

விடிலிக்குள் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால் விடாதீர்கள். பனை மட்டையும் ஓலையும் எரியும் அடுப்பில் சாறு பொங்கி விளிம்புக்கு வரும். அந்த நேரம் இடித்த ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை தூவுவார்கள், நுரை அப்படியே அமரும். எண்ணெய் நுரையின் தோலை உடைக்கிறது. ப்ரூவரியில் கெட்டில் பொங்கினால் சிலிகான் சொட்டு விடுவார்களே, அது. பாதிக்குக் கீழே சுண்டும்போது எடுப்பது கூப்பதனி. ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பாருங்கள். ஸ்டவுட் பிடித்தவருக்கு அந்தக் கருகல்மணம் அந்நியமாக இருக்காது.

வீட்டில் செய்யலாமா? தமிழ்நாட்டில் கள்ளோ பீரோ உரிமம் இல்லாமல் வீட்டில் புளிக்கவைப்பது குற்றம், சின்ன அளவு என்ற சலுகை கிடையாது. ஆசை கள்மேல் என்றால் செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு. கேரளத்தில் உரிமம் பெற்ற ஷாப்புகள் உண்டு. அங்கே பெரும்பாலும் தென்னங்கள், பனங்கள் அரிது. மதுரக்கள்ளு என்று கேட்டால் இளசு, மூத்தது என்றால் புளித்தது, அந்திக்கள்ளு மாலையில் இறக்கியது. ஏல் பழகிய நாக்குக்கு மதுரக்கள்ளும் மூத்ததும் ஒரு குப்பி ஒரு குப்பியாக வாங்கிக் கலந்து குடிப்பது நல்லது. கூஸ் போடும் அதே தந்திரம். கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் இல்லாமல் உட்காராதீர்கள். குப்பியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வராதீர்கள்.

பெங்களூரில் உரிமத்தோடு காய்ச்சும் ப்ரூவர் நண்பர் இருந்தால் ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியது கருப்பட்டி. போர்ட்டர் அல்லது பிரவுன் ஏல் போன்ற கறுத்த பீருக்கு 20 லிட்டரில் 600 கிராம் போதும். கிராவிட்டி (ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி) ஏறக்குறைய 10 புள்ளி, அதாவது 0.010 கூடும், சாராயம் 1.3 சதவீதம் ஏறும். ஒரு கிலோவைத் தாண்டினால் பீர் மெலிந்து, ரம் கலந்த தண்ணீராகப் போகும். முன்னே சொன்ன அதே காரணம், சுக்ரோஸ் கனத்தை விட்டுவைக்காது. உடைத்துச் சுடுநீரில் கரைத்து, துணியில் வடிகட்டி (மணலும் எறும்பும் கட்டாயம் இருக்கும்), கொதியின் கடைசி 10 நிமிடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மணம் இன்னும் வேண்டுமென்றால் முதல் நொதிப்பு தணிந்தபின், வடிகட்டிய பாகைக் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்க்கலாம். மேஷில், அதாவது பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில், போட வேண்டாம். சுண்ணாம்பு மிச்சம் பிஎச்சை (புளிப்பு-கார அளவு) தூக்கிவிடும், 5.2 முதல் 5.6க்குள் நிற்க வேண்டியது நிற்காது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு, கலப்படமும் அதே பெயரில் உண்டு. உடைத்த முகம் மங்கலாக, நெருக்கமாக இருந்தால் நல்லது. சீனிமணி போல மினுங்கினால் சீனி கலந்தது.

பதனியைப் பெங்களூருக்குக் கொண்டுபோகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சும்மா பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் ஏறாதீர்கள். ஒரு லிட்டர் பதனியின் சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய 30 லிட்டர் கரியமிலவாயு வரும். சோடா பாட்டிலில் அடைப்பதே ஒரு லிட்டருக்குச் சுமார் நாலு லிட்டர் வாயுதான். சுண்ணாம்பு சில மணி நேரம்தான் காக்கும். வள்ளியூரில் ஏறும்போது அமைதியாக இருக்கும் பாட்டில் விடியற்காலை ஓசூர் தாண்டும்போது பெர்த்துக்கு மேலே வெடிக்கும். காய்ச்சி, தெளியவைத்து, அடி வண்டல் சேராமல் வடித்து, கொதிநீரில் அலசிய எவர்சில்வர் தூக்கில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும். மூடியை இறுக்கித் திருகாதீர்கள்.